படகு ஒன்பதரைக்குத்தான்: ஏரிக்கரை மலை விடுதியில் மூன்று இரவுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

என் மாமா ஒருவருக்குத் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவில், ஓர் ஏரியை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அம்மாவின் சித்தப்பா மகன், என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். ரோஜா போட்டார், முட்டைக்கோஸ் போட்டார், ஒரு வருடம் நல்ல விலை, மறு வருடம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று அலுத்துப்போய், ஒரு நாள் கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். மேலே "ஏரிக்கரை ரிசார்ட்" என்று கொட்டை எழுத்து, கீழே வசதிகள் என்று 27 வரிகள். இன்ஃபினிட்டி நீச்சல் குளம், ஸ்பா, ஜிம், ஜிப் லைன், ஜெட் ஸ்கி, கயாக், மினி தியேட்டர், கேம்ப் ஃபயர், தூண்டில் மீன்பிடிப்பு என்று போய், கடைசி வரியில் ஹெலிபேட்.

"ஹெலிபேட் எதுக்கு மாமா?"

"இருக்கட்டுமே மாப்ள, எல்லாரும் போட்டிருக்காங்க."

நான் பதினான்கு வருடம் ஓட்டல் வேலையில் இருந்தவன். ரிசப்ஷனில் ஆரம்பித்து, ரெஸ்டாரண்ட், பேங்குவெட் ஹால் என்று சுற்றி, இப்போது சொந்தமாகக் கேட்டரிங் செய்கிறேன். இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று எனக்குத் தெரியும். திறப்பு விழா சமயத்தில் எழுதுவார்கள், அதற்குப் பிறகு ஒரு வரி பழுதானாலும் யாரும் அதை அழிப்பதில்லை. அதனால் மாமாவிடம் ஒன்றுதான் சொன்னேன். ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னால், இதே மாதிரி ஏரிக்கரை மலை விடுதி ஒன்றில் காசு கொடுத்து மூன்று இரவு தங்குவோம், எந்த வசதியை யார் எத்தனை மணிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் நோட்டில் குறிக்கிறேன், திரும்பி வந்து இந்தத் தாளை எடுப்போம்.

போனது அரையாண்டுத் தேர்வு விடுமுறையில். மாமா, அத்தை, அவர்கள் மகன், மருமகள், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள், மாமாவின் அம்மா, நான். எட்டுப் பேர். ஆயாவுக்கு 78 வயது, இரண்டு முட்டியிலும் வலி. சோதனைக்கு இதைவிட நல்ல கூட்டம் அமையாது. விடுதியின் பெயரும் ஊரும் வேண்டாம், அங்கே நான் பார்த்த குறைகளை வேறு நாலு இடங்களில் நானே வேலை செய்யும்போது செய்திருக்கிறேன். ஐயாயிரம் அடிக்கு மேல் உயரம், கீழே ஏரி, நல்ல பேர் உள்ள இடம் என்பது போதும்.

காலை ஆறு மணி

முதல் அதிர்ச்சி இறங்கியவுடனேயே. ஏரிக்கரை விடுதிதான், ஆனால் விடுதிக்கும் ஏரிக்கும் நடுவில் வேலி, வேலிக்கு அப்பால் தார் ரோடு, அதற்கும் அப்பால்தான் தண்ணீர். ஏரி ஊருக்குப் பொது. படகுத்துறையும் விடுதியுடையது இல்லை, டிக்கெட் "ஏற்பாடு செய்து தருவோம்" என்றார்கள். இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை, பெரும்பாலான மலை ஏரிகளில் நிலைமை இதுதான். ஊட்டி ஏரியை 1824 வாக்கில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனும், கொடைக்கானல் ஏரியை 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சும் உருவாக்கியவர்கள். இரண்டும் மனிதன் அணை கட்டித் தேக்கிய நீர், பின்னால் அதைச் சுற்றி ஊர் வந்தது, அதற்கும் பின்னால்தான் ஓட்டல்கள் வந்தன. ஏரியை விற்கிற எந்த விடுதியும் அடுத்தவர் சொத்தைக் காட்டித்தான் வாடகை வாங்குகிறது. மாமா இதைக் கேட்டதும் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டார், அவருடைய ஏரியும் அவருடையது இல்லை என்பது அப்போது அவர் மனதுக்கு வரவில்லை.

மறுநாள் விடியற்காலை நடந்ததுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புது இடம், குளிர், ஆறு மணிக்கெல்லாம் எட்டுப் பேரும் எழுந்துவிட்டோம். ஏரி மேல் பனி ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது, நீர்க்காகம் ஒன்று கட்டை மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது, மறுகரையில் யாரோ சைக்கிளில் போகிற சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்டது. நாங்கள் கொடுத்த வாடகைக்கு உண்டான காட்சி அதுதான். அந்த நேரத்தில் விடுதியில் திறந்திருந்தது என்ன? எதுவுமே இல்லை. படகு ஒன்பதரைக்கு. சைக்கிள் வாடகை ஒன்பதுக்கு. நீச்சல் குளம் எட்டுக்கு. காலைச் சாப்பாடு ஏழரைக்கு, அதுவரை அறையில் ஒரு கெட்டில், இரண்டு பொட்டலம் பால் பவுடர். வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை, ஆறரைக்குத்தான் சாவி வரும் என்றார்.

ஆயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தபடி சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது: "இவ்ளோ பெரிய ஓட்டல்ல விடியக்காலம் ஒரு டீ கெடைக்காதா?"

ஒன்பதரைக்குப் படகு திறந்தபோது பனி கலைந்து, வெயில் சுள்ளென்று அடித்து, ஏரி எந்த ஊர் ஏரியைப் போலவும் ஆகிவிட்டது. கூடவே பஸ்களில் வந்த கூட்டம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று இருபது நிமிடம் மிதித்தோம். மாலையும் இதே கதை. ஐந்து மணிக்குப் படகு நின்றுவிடும், மலை இடுக்கில் வெளிச்சம் மங்கி ஏரி அழகாகும் நேரமும் அதுதான். ஓட்டலுக்கு ஆள் ஷிஃப்ட் ஒன்பது மணிக்கு மாறுகிறது என்பதற்காக மலையும் ஒன்பதுக்கா விழித்துக்கொள்ளும்?

வெளியூர்ப் பெரிய ஏரி விடுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் லேக் லூயிஸ் கரையில் 1890-ல் ஒரு மரக்குடிசையாக ரயில்வே கம்பெனி ஆரம்பித்த விடுதி இன்று நூற்றுக்கணக்கான அறைகளோடு நிற்கிறது. அங்கே கோடையில் படகு, குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதே தண்ணீர் மேல் பனிச்சறுக்கு. ஏரி என்ன நிலையில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். நம் பக்கம் பட்டியலை அடித்து மாட்டிவிட்டு, ஏரி அதற்கு ஒத்துவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நீச்சல் குளக் கணக்கு

மாமாவின் தாளில் முதல் வரி இது என்பதால் இதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினேன். இரண்டாம் நாள் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் இரண்டும் குதித்தன. நாலாவது நிமிடம் உதடு நீலமாகி வெளியே வந்து, மருமகள் துண்டைச் சுற்றி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்கப்புறம் நாங்கள் இருந்த மூன்று நாளில் எங்கள் வீட்டார் யாரும் அதில் இறங்கவில்லை. மற்றவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அதற்கு அது நல்ல இடம்தான்.

கேட்டரிங்காரன் பையில் சாம்பார் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். குளத்தில் விட்டுப் பார்த்தேன், 18 டிகிரி. சாதாரணமாக நீந்தி விளையாட 27, 28 டிகிரியாவது வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்ந்துவிடும், ஆகவே தர்மபுரியில் வேகிற நாளிலும் மலை மேல் குளம் குளிர்ந்தே கிடக்கும். சூடேற்றினால் என்ன? குளம் 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம், அதாவது 72,000 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. பத்து டிகிரிக்கு 7,20,000. ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோ கலோரி தரும் என்றால், சுமார் 840 யூனிட். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீட் பம்ப் போட்டால் நாலில் ஒரு பங்காகக் குறைத்து 210 யூனிட் என்று வைக்கலாம், ஆனால் வெளிக்காற்று குளிரக் குளிர அதன் திறனும் இறங்கும். சரி, ஒரு தடவை ஏற்றியாச்சு, அப்புறம்? ராத்திரி முழுக்க மேல்மட்டத்திலிருந்து ஆவியாகவே வெப்பம் போய்க்கொண்டிருக்கும், குளத்தின் மேல் விரிப்பு போட்டு மூடாவிட்டால் மறுநாள் பாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்ஃபினிட்டி குளம் இன்னும் மோசம். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்து, கீழ்த்தொட்டிக்குப் போய், மறுபடி பம்ப் ஆகி மேலே வருகிறது. அந்தப் படலம் காற்றில் சூட்டை இழந்துகொண்டே இருக்கும்.

இதை அங்கே இருந்த மெயின்டெனன்ஸ் பையனிடம் சொன்னபோது சிரித்தான். ஹீட்டர் இருக்கிறதாம். "ஓனர் வரும்போது போடுவோம் சார்."

படகு

நான் கவலைப்பட்டது இங்கேதான். ஐந்து வயதுப் பேத்திக்குப் பெரியவர்கள் போடுகிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், குழந்தை கீழே நிற்கிறது, ஜாக்கெட் மட்டும் என் கையோடு வருகிறது. தண்ணீரில் விழுந்தாலும் அதுதான் நடக்கும். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு வேண்டும், கால்களுக்கு நடுவே ஒரு பட்டை இருக்க வேண்டும். கேட்டால் "சின்ன சைஸ் துவைக்கப் போயிருக்கு" என்றார்கள். பேத்தியும் நானும் கரையிலேயே நின்றுவிட்டோம், அவள் என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

2009 செப்டம்பர் 30 தேக்கடியை ஓட்டல் வேலையில் இருந்த யாரும் மறக்க முடியாது. இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. படகில் ஏறியதும் நல்ல காட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வதுதான் மனிதர் இயல்பு, எங்கள் மிதிபடகில்கூட மாமா கொக்கைக் காட்டுகிறேன் என்று எழுந்து நின்றார். ஆகவே படகு என்று ஒரு வரி எழுதினால், அதன் பின்னால் ஜாக்கெட் அளவுகள், நீச்சல் தெரிந்த ஆள், காற்றடித்தால் நிறுத்துகிற அதிகாரம் உள்ள ஒருவர் என்று நாலு வரி கூடவே வரவேண்டும். தாளில் அந்த நாலு வரி இல்லை.

மழை வந்த மதியம்

இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது, இருட்டும்வரை விடவில்லை. ஜிப் லைன் நிறுத்தம், சைக்கிள் நிறுத்தம். விடுதி முழுக்க ஒரு ஹாலில் வந்து விழுந்தது. அங்கே இருந்தது ஒரு கேரம் போர்டு. பவுடர் இல்லை, சிவப்புக் காயின் இல்லை. எங்களோடு ஈரோட்டிலிருந்து வந்த இரண்டு குடும்பமும் சேர்ந்து, அத்தையின் முகப்பவுடரைக் கொட்டி, சிவப்புக்குப் பதில் பெப்சி மூடியை வைத்து நாலு மணி நேரம் ஆடினோம். நோட்டைக் கூட்டிப் பார்த்தால், மூன்று நாளில் எங்கள் எட்டுப் பேரும் அதிக நேரம் பயன்படுத்திய வசதி அந்த உடைந்த கேரம் போர்டு, அதற்கு அடுத்தபடி ராத்திரி நேர கேம்ப் ஃபயர். ஆயாவுக்கு அதுதான் சொர்க்கம், சூடாக உட்காரலாம், படி ஏற வேண்டாம். அதையும் ஒன்பதரைக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள்.

படி பற்றிச் சொல்ல வேண்டும். அறையிலிருந்து சாப்பாட்டு ஹாலுக்கு 64 படிகள். சரிவில் அடுக்கடுக்காகக் கட்டினால்தான் எல்லா அறைக்கும் ஏரி தெரியும், அந்தக் காட்சிக்கு விலை முட்டிக்கால்தான். பேட்டரி கார் இருக்கிறது, போன் செய்தால் இருபது நிமிடம். மூன்றாம் நாள் ஆயா அறையைவிட்டு வரவே இல்லை, பால்கனியில் வைத்த இட்லியைக் குரங்கு வந்து எடுத்துக்கொண்டு போனதைத்தான் ஊருக்கு வந்து ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்பா: தெரபிஸ்ட் இரண்டு பேர், எல்லோருக்கும் வேண்டியது மாலை நாலிலிருந்து ஏழு வரை. அத்தைக்குக் கிடைத்தது காலை பதினொன்று. ஒகேனக்கலில் அருவிக்குப் பக்கத்திலேயே பாறை மேல் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, அப்படியே அருவியில் தலையைக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதில் இருக்கிற பொருத்தம் இங்கே மெழுகுவத்தி வாசனையில் இல்லை என்பது அத்தையின் தீர்ப்பு. ஜிம்முக்கு யாரும் போகவில்லை, மேலே எழுத ஒன்றும் இல்லை.

பில்லில் மாமா ஒன்றைக் கவனித்தார். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற விடுதி என்பதால் அறைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி., உள்ளே சாப்பிட்ட தோசைக்கும் 18. கேட்டுக்கு வெளியே சாதாரண ஓட்டலில் அதே தோசைக்கு 5. அவருக்கு அந்தக் கணக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

திரும்பி வந்து, நம் ஏரியில்

தாளை உடனே எடுக்கவில்லை. மே மாதம் வரட்டும் என்று காத்திருந்தோம், அது நான் வேண்டுமென்றே செய்தது. எங்கள் பக்கம் மழை அதிகமாகக் கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். பள்ளி விடுமுறை, கூட்டம் வருகிற காலம், ஏப்ரல், மே. அந்த மே மாதத்தில் மாமாவின் ஏரியில் நடுவில் மட்டும் குட்டை மாதிரித் தண்ணீர், மிச்சமெல்லாம் வெடித்த வண்டல், மாடு மேய்ந்துகொண்டிருந்தது. "இதுல எங்க மாமா ஜெட் ஸ்கி ஓட்டறது?" என்றேன். அவரே பேனாவை எடுத்து அடித்தார். ஜெட் ஸ்கி, கயாக், மிதிபடகு எல்லாம் போயிற்று. தண்ணீர் இருந்தாலும் சும்மா விட முடியாது. ஏரி அரசுடையது, மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு மீனில் உரிமை, ஆயக்கட்டு விவசாயிகளுக்குத் தண்ணீரில் உரிமை, ஆக்கிரமிப்புக்கு 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த மாதங்களில், அனுமதி கிடைத்தால், ஒகேனக்கலில் இருந்து பரிசல் ஓட்டத் தெரிந்த ஒருவரை வரவழைத்து இரண்டு பரிசல் விடலாம் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்தது யானை. தளியை வெள்ளைக்காரர்கள் லிட்டில் இங்கிலாந்து என்றார்கள், குளிருக்காக. ஆனால் மழைக்காலம் முடிகிற வாக்கில், ராகி முற்றும் நேரம் பார்த்து, பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வருவதை எந்த இங்கிலாந்திலும் பார்க்க முடியாது. காவிரி வடக்கு சரணாலயம் 2014-ல் வந்தது, 2022-ல் காவிரி தெற்கும் அறிவித்தார்கள், அதாவது காட்டுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. யானை தண்ணீருக்கு வருவது எப்போது? பொழுது சாய்ந்ததும், விடியும் முன்னாலும். விருந்தாளிக்கு ஏரி பிடிக்கிற அதே நேரம். நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்து விடுதிகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததை மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன், முகம் வெளிறிவிட்டது. கட்டுவதற்கு முன்னால் வனத்துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும் என்று முதல் வரியாக எழுதினார். ஜிப் லைன், டி.ஜே., ஏரி மேல் ஃபோகஸ் லைட், மூன்றும் போயின. கரையோர நடைபாதை காலை ஆறரைக்கு மேல், மாலை ஐந்தரைக்குள், கூட ஓர் உள்ளூர் ஆள்.

கழிவுநீரில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் எழும்புவதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை, மேலேயிருந்து வருகிற சாக்கடையும் ஆலைக் கழிவும் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள். பத்து அறையின் சோப்புத் தண்ணீர் ஏரிக்குள் போனாலே ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஏரி பார்த்த அறைக்கு இலை பார்த்த அறை என்று பெயர் மாற்ற வேண்டியதுதான். சுத்திகரித்த தண்ணீர் ரோஜாத் தோட்டத்துக்கே போகட்டும், அது சுலபம்.

இப்போது தாளில் இருப்பது: தரைமட்டத்தில் ஆறு அறைகள், படி கிடையாது. ஐந்தே முக்காலுக்கு டீ, அதற்கென்றே ஓர் ஆள், அவருக்கு மதியம் ஓய்வு. கூரை போட்ட பெரிய திண்ணை, நாலு கேரம் போர்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு செட் காயின். கணப்புச் சட்டி, எல்லோரும் எழுந்துபோகும்வரை அணைக்கக் கூடாது. களியும் கீரைக் குழம்பும், கேட்டால் சாமைச் சோறு. ஏரியைப் பார்த்து எட்டு பெஞ்சு. காணும் பொங்கலன்று கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நம் சனம் என்ன செய்கிறது என்று பாருங்கள், புளிச்சோற்றை அவிழ்த்து, வறுத்த மீன் வாங்கி, தண்ணீரைப் பார்த்து உட்காருகிறது, அவ்வளவுதான். மருமகளுக்கு இந்தப் பட்டியலில் திருப்தி இல்லை, குளம் இல்லாமல் பெங்களூர்க்காரன் ஒருவனும் புக் பண்ண மாட்டான் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தளி மூவாயிரம் அடி வாக்கில்தான், ஏப்ரல் மே வெயிலுக்குச் சூடேற்றாத சின்னக் குளம் ஓடும், டிசம்பரில் மூடி வைக்கலாம். என்னைக் கேட்காமலேயே குழி தோண்டிவிட்டார்கள். போன மழையில் அதில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, தவளை கத்துகிறது, ஆயா தினமும் சாயங்காலம் அதன் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருகிறார்.